கோல்கொண்டாவுக்கு இரண்டு மணி நேரம்

தமிழகக் கல்லூரிகளின் வரலாற்றுத் துறைகள் ஐதராபாத்துக்கு வகுக்கும் கல்விச் சுற்றுலாத் திட்டம் ஏறத்தாழ எழுதப்படாத சட்டமாகிவிட்டது. மாலையில் சார்மினார் விரைவு வண்டி. மறுநாள் காலை இறங்கியதும் குளியல், சிற்றுண்டி, பேருந்து. பத்து மணிக்குக் கோல்கொண்டா. பன்னிரண்டு மணிக்குப் புறப்பாடு. பிற்பகலில் சாலார் ஜங் அருங்காட்சியகம், அந்தியில் சார்மினார், லாட் பஜாரில் வளையல், இரவில் பிரியாணி. இரண்டாம் நாள் காலை முதல் இரவு வரை ராமோஜி திரைப்பட நகரம். அட்டையாலும் சுண்ணச் சாந்தாலும் எழுப்பப்பட்ட படப்பிடிப்பு அரண்மனைகளுக்கு ஒரு முழு நாள். நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக நிற்கும் கருங்கல் கோட்டைக்கு இரண்டு மணி நேரம். இந்தக் கணக்கை ஒரு பயண முகவர் போட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். போட்டவர்கள் வரலாற்றுப் பேராசிரியர்கள்.

அந்த இரண்டு மணி நேரத்தில் நடப்பது எல்லோரும் அறிந்ததே. பாலா ஹிசார் வாயிலின் குவிமாடத்தின் கீழ் நின்று வழிகாட்டி கைதட்டுகிறார். இந்த ஓசை மலையுச்சியில் கேட்கும் என்கிறார். நாற்பது மாணவர்களும் கைதட்டுகிறார்கள். கேட்பதற்கு மேலே தங்கள் கூட்டத்தில் ஒருவரும் இல்லை என்பதை யாரும் பொருட்படுத்துவதில்லை. பிறகு கோஹினூர் வைரம், சார்மினார் வரை செல்லும் இரகசியச் சுரங்கம், தாராமதி என்னும் ஆடல்மகளின் குரல் காற்றில் மிதந்து சுல்தானின் செவியை அடைந்த கதை, ராமதாசர் அடைபட்டிருந்த அறை. முந்நூற்றுக்கும் மேற்பட்ட படிகளில் பாதிப் பேர் பாதியிலேயே அமர்ந்துவிடுகிறார்கள். உச்சியில் உள்ள பாராதரியை அடைந்தவர்கள் படம் எடுத்துக்கொண்டு இறங்குகிறார்கள். ஊர் திரும்பியதும் அறிக்கை எழுதப்படுகிறது. பெரும்பாலும் சென்ற ஆண்டு மாணவர் எழுதியதன் படி. அதற்கு மதிப்பெண்ணும் உண்டு.

இதற்கு இன்பச் சுற்றுலா என்று பெயரிட்டிருந்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. இளைஞர்கள் வெளியூர் சென்று சிரித்து மகிழ்வது நல்லதே; அதற்குக் களப்பணி என்னும் முத்திரை தேவையில்லை. பாடத்திட்டத்தில் இடமும் தேர்வுப் பட்டியலில் மதிப்பெண்ணும் கொடுத்து, மாணவரின் குடும்பத்திடம் பல ஆயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு, கடைசியில் வழிகாட்டியின் கைதட்டலை மட்டும் கொடுத்து அனுப்புவதில்தான் குற்றம் இருக்கிறது. குற்றம் வழிகாட்டியுடையதும் அன்று. கதை சொல்லிப் பிழைக்கும் அவர் தம் வேலையைச் செவ்வனே செய்கிறார். தம் வேலையை அவரிடம் ஒப்படைத்துவிட்டு நிழலில் அமர்ந்திருப்பவர் பேராசிரியர்.

கோல்கொண்டா என்பது ஒரு கட்டடத்தின் பெயர் அன்று. நுழைவுச்சீட்டு வாங்கி உள்ளே செல்லும் பகுதி பாலா ஹிசார் எனப்படும் உட்கோட்டை மட்டுமே. அதைச் சூழ்ந்து கிடப்பது ஒரு தலைநகரம். காகதீயர் காலத்து மலைக்காவல் அரணாகத் தொடங்கி, பதினான்காம் நூற்றாண்டில் பாமினி அரசின் கைக்கு மாறி, பதினாறாம் நூற்றாண்டில் சுல்தான் குலியும் அவர் மரபினரும் அரசிருக்கையாக வளர்த்த நகரம் அது. வெளி மதிலில் 87 கொத்தளங்களும் 8 வாயில்களும் உண்டு. வாயில்களின் பெயர்களை வரிசையாகப் படித்தாலே ஒரு வகுப்பு நடத்தலாம். பட்டான்செரு வாயில் வடமேற்கே செல்லும் பாதையைச் சொல்கிறது. பஞ்சாரா வாயிலின் பெயர், பொதிமாடுகளில் தானியம் ஏற்றித் தக்காணம் முழுவதும் திரிந்த பஞ்சாராக்களை நினைவூட்டுகிறது. படைக்கும் நகருக்கும் சோறு போட்டவர்கள் அவர்கள். எந்த வழியாக வந்தாலும் பேருந்து இந்த வாயில்களில் ஒன்றைக் கடந்தே பாலா ஹிசாரை அடைய வேண்டும். அந்த நேரத்தில் உள்ளே பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். கோட்டைக்குள் நுழைந்துவிட்டோம் என்பது மாணவருக்குத் தெரியாது. கோட்டை இன்னும் வரவில்லை என்று எண்ணிக்கொண்டிருப்பார். மதிலுக்குள் இன்றும் மக்கள் வாழ்கிறார்கள், பள்ளி இருக்கிறது, இறைச்சிக் கடை இருக்கிறது, படைத்துறை நிலம் இருக்கிறது. வாழும் ஊரைத் தொல்லியல் சின்னமாக மட்டும் காண்பதும், தொல்லியல் சின்னத்தை வெறும் குடியிருப்பாக மட்டும் காண்பதும் ஒரே இடத்தில் மோதிக்கொள்ளும் இடம் இது. பாதுகாப்புச் சட்டத்தைப் பாடமாகப் படிக்கும் மாணவர் நின்று பார்க்க வேண்டியது இந்தத் தெருக்களைத்தான்.

மலைக்கோட்டை எதுவாயினும் அதன் உயிர்நிலை நீர். கோல்கொண்டாவுக்கு நீர் துர்கம் செருவிலிருந்து வந்தது. சுடுமண் குழாய்கள் வழியாக வந்த நீரைப் பாரசீகச் சக்கரங்கள் படிப்படியாக மேலே ஏற்றின; தொட்டிகள் தேக்கின; அங்கிருந்து அந்தப்புரத்துக்கும் தோட்டங்களுக்கும் பகிர்ந்தார்கள். குழாய்களின் உடைந்த வாய்கள் பாலா ஹிசார்ச் சுவர்களில் இன்றும் கண்ணுக்குத் தெரிகின்றன. கீழே வெளி மதிலுக்குள் கட்டோரா ஹவுஸ் என்னும் பெரிய குளம் உண்டு. ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்கும் காலமே அதற்கு மிகுதி. துர்கம் செருவோ இன்று மென்பொருள் நிறுவனக் கோபுரங்களின் நடுவே, 2020இல் திறக்கப்பட்ட தொங்குபாலத்தின் கீழ், இரவு விளக்குகளுக்குப் பின்புலமாக இருக்கிறது. அந்தப் பாலத்தில் படம் எடுத்துக்கொள்ளாத தமிழ்ப் பொறியாளர் ஐதராபாத்தில் இல்லை எனலாம். ஒரு தலைநகரம் குடித்த நீர் அது என்பதை அவருக்குச் சொல்ல வேண்டிய வரலாற்றுத் துறை, தன் மாணவருக்கே அதைச் சொல்வதில்லை. ஏரிப்பாசனம், மதகு, கலிங்கு என்று சோழர் நீர்மேலாண்மையைப் பக்கம் பக்கமாக நடத்தும் துறைகள் இவை என்பதுதான் வியப்பு.

கோட்டையிலிருந்து கூப்பிடு தூரத்தில் குதுப் ஷாஹி கல்லறைத் தோட்டம். பயணத் திட்டத்தில் இதற்கு ‘நேரம் இருந்தால்’ என்ற அடைமொழி உண்டு, நேரம் இருப்பதில்லை. கோட்டை மத்தியத் தொல்லியல் துறையின் பொறுப்பு, கல்லறைகள் மாநில அரசின் பொறுப்பு, ஆகவே சீட்டு வேறு, வாயில் வேறு. யுனெஸ்கோவுக்கு 2010இல் இந்தியா அளித்த தற்காலிகப் பட்டியல் கோட்டை, கல்லறைகள், சார்மினார் மூன்றையும் ஒரே தொகுதியாகத்தான் குறிக்கிறது. சுற்றுலாப் பேருந்து மட்டும் நடுவில் உள்ளதை விழுங்கிவிடுகிறது. 2013 முதல் பல ஆண்டுகள் ஆகா கான் அறக்கட்டளை அங்கே செய்த சீரமைப்பு, இந்தியாவின் மரபுப் பாதுகாப்பு முயற்சிகளில் குறிப்பிடத்தக்கது. இருபதாம் நூற்றாண்டில் பூசப்பட்ட சிமெண்டை உரித்துச் சுண்ணச் சாந்தை மீட்டார்கள். இடிந்து தூர்ந்த படிக்கிணறுகளை மீண்டும் நீர் நிற்கச் செய்தார்கள். அதற்காக 2022இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதும் கிடைத்தது. சீரமைப்பில் எவ்வளவு மீட்கலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்ற வாதத்தை மாணவர் நூலில் படிப்பதைவிட அந்தச் சுவரின் முன் நின்று செய்யலாம்.

அத்தோட்டத்தில் ஒரு பெண்ணின் கல்லறை அரசர்களின் கல்லறைகளுக்கு நிகராக எழுந்து நிற்கிறது. ஹயாத் பக்ஷி பேகம் முகமது குலியின் மகள், முகமது குதுப் ஷாவின் மனைவி, அப்துல்லா குதுப் ஷாவின் தாய். 1656இல் இளவரசர் ஔரங்கசீப்பின் படை கோல்கொண்டாவை முற்றுகையிட்டபோது, மகனுக்காக முகலாய முகாமுக்குச் சென்று சமாதானம் பேசியவர் அவர். அரசு மேலும் முப்பது ஆண்டுகள் பிழைத்தது. வழிகாட்டியின் கதையில் இவர் இல்லை, தாராமதி இருக்கிறார். வழிகாட்டியை விடுங்கள். துறையின் பெண்ணிய வரலாற்றுத் தாளைக் கற்பிப்பவரும் தாராமதியின் கதையைக் கேட்டுத் தலையசைத்துவிட்டுத் திரும்புகிறார் என்பதை எப்படி விளங்கிக்கொள்வது? இதில் ஒரு கசப்பான வேடிக்கையும் உண்டு. மறுநாள் திரைப்பட நகரத்துக்கு விரையும் பேருந்து விஜயவாடா நெடுஞ்சாலையில் ஹயாத் நகரைக் கடந்துதான் செல்கிறது. அந்த ஊர் இவர் பெயரால் ஆனது. இவர் பெயர் தாங்கிய மசூதியும் அங்கே இருக்கிறது. பேருந்து நிற்பதில்லை.

இனி வைரம். கோல்கொண்டா என்றதும் வைரம் என்று உலகமே சொல்கிறது. மலையைத் தோண்டினால் வைரம் கிடைத்தது என்று பல மாணவர்கள் நம்பிக்கொண்டு திரும்புகிறார்கள். மலையில் வைரம் இல்லை. சுரங்கங்கள் கிழக்கே, கிருஷ்ணை ஆற்றுப் படுகையில், கொல்லூர் போன்ற இடங்களில் இருந்தன. கோல்கொண்டா சந்தை, அரசின் கணக்கும் காவலும் இருந்த இடம். பிரெஞ்சு நகை வணிகர் தவேர்னியே பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் கொல்லூரைப் பார்த்தபோது, ஆணும் பெண்ணும் சிறாருமாக 60,000 பேர் அங்கே உழைத்ததாக எழுதினார். தொழில் நன்கு தெரிந்த ஆளுக்கே ஆண்டுக்கு 3 வராகன்தான் கூலி என்பதும் அவர் தந்த செய்தியே. பயணிகளின் எண்ணிக்கைகளை அப்படியே நம்ப வேண்டியதில்லை. கூலியைப் பற்றி ஒரு வணிகர் சொன்னதைக் கவனிக்காமல் விடவும் வேண்டியதில்லை. கோஹினூரைத் திருப்பித் தர வேண்டும் என்று இலண்டனை நோக்கி முழங்குவது எளிது. அந்த வைரங்களைச் சேற்றிலிருந்து பொறுக்கியவர்களுக்கு எந்த அரசும் எதைத் திருப்பித் தரும் என்ற கேள்வி எந்தக் கைதட்டலிலும் எழுவதில்லை.

இந்த 3 வராகனைத் தமிழ் மாணவர் மறக்கலாகாது. ஏனெனில் கணக்கின் மறுபக்கம் சென்னையில் இருக்கிறது. 1639இல் தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கர் அளித்த மணற்பரப்பில் ஆங்கிலக் கம்பெனி குடியேறியது என்பது பள்ளிப் பாடம். அதற்கு ஏழெட்டு ஆண்டுகளுக்குள் மீர் ஜும்லாவின் தலைமையில் கோல்கொண்டாப் படை தெற்கே இறங்கி, அந்தக் கடற்கரை முழுவதையும் தன் ஆட்சிக்குள் கொண்டுவந்தது என்பது பள்ளிப் பாடத்தில் ஒரு வரி. பல நூல்களில் அதுவும் இல்லை. 1658இல் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி கம்பெனி சென்னைக்காகக் கோல்கொண்டாவுக்கு ஆண்டுக்கு 380 வராகன் கட்டியது. 1672இல் நெக்னாம் கான் அளித்த கவுலின்படி அது 1,200 வராகன் ஆனது. வராகனின் மதிப்பு இடத்துக்கு இடம் வேறுபட்டது என்பதை ஒப்புக்கொண்டே கணக்கிட்டாலும், ஒரு நகரத்தின் ஆண்டு வாடகை 400 வைரச் சுரங்கத் தொழிலாளர்களின் ஆண்டுக் கூலிக்குச் சமம் என்று வருகிறது. இந்தப் பணம் போய்ச் சேர்ந்த அரசின் கோட்டையில்தான் மாணவர்கள் கைதட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

பூந்தமல்லியில் கோல்கொண்டாவின் ஆளுநர் இருந்தார். மாதண்ணாவின் செல்வாக்கில் அங்கே அமர்ந்த லிங்கப்பா, 1680-81 அளவில் சென்னைக்குச் செல்லும் சரக்கையும் தானியத்தையும் தடுத்து நிறுத்திக் கம்பெனியைத் திணறடித்தார். திருவல்லிக்கேணி கோல்கொண்டாவிடமிருந்து குத்தகையாகக் கம்பெனிக்கு வந்த ஊர். சாந்தோமைப் பிரெஞ்சுக்காரர் 1672இல் கைப்பற்றியபோது, இரண்டு ஆண்டுகள் போராடி டச்சுக்காரரின் துணையோடு அதை மீட்டதும் கோல்கொண்டாவே. 1677இல் சிவாஜி செஞ்சியை நோக்கி வந்த பயணம், ஐதராபாத்தில் அபுல் ஹசன் தானா ஷாவைச் சந்தித்து உடன்பாடு செய்துகொண்ட பிறகே தெற்கே திரும்பியது. 1687 செப்டம்பரில், எட்டு மாத முற்றுகைக்குப் பின், உள்ளிருந்த ஒருவரை விலைக்கு வாங்கி வாயிலைத் திறக்கச் செய்து ஔரங்கசீப்பின் படை கோல்கொண்டாவில் நுழைந்தபோது, சென்னையின் மேலாண்மையும் கைமாறியது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் வட தமிழகத்தின் தலைநகரங்களில் ஒன்றாக இருந்த இடத்துக்குச் சென்னையிலிருந்து மாணவர்களை அழைத்துப்போய், அயல்நாட்டுக் கோட்டையைக் காட்டுவதுபோல் காட்டித் திரும்புகிறார்கள். இதைக் கவனக்குறைவு என்று விட்டுவிட முடியவில்லை. சோழர், பாண்டியர், விஜயநகரம், நாயக்கர், பிறகு நேராகக் கம்பெனி என்று வகுத்துக்கொண்ட பாடத்திட்டத்தில் பாரசீக மொழியில் ஆவணம் எழுதிய அரசுக்கு இடம் வைக்கவில்லை. அதன் விளைவே இந்த இரண்டு மணி நேரம்.

இந்த வெற்றிடத்தில்தான் இரண்டு கதைகள் குடியேறுகின்றன. ஒன்று, கோல்கொண்டா என்பது இந்துக்களை ஒடுக்கிய சுல்தான்களின் கொடுங்கோட்டை என்பது. ராமதாசர் சிறை அதற்குச் சான்றாகக் காட்டப்படும். மற்றொன்று, கோல்கொண்டா மத நல்லிணக்கத்தின் பூந்தோட்டம் என்பது. தெலுங்குப் புலவர்களை ஆதரித்த இப்ராஹிமும் அமைச்சர் மாதண்ணாவும் மலைமேல் உள்ள அம்மன் கோயிலும் அங்கே தொடங்கும் போனாலு விழாவும் அதற்குச் சான்றாகும். இரண்டாவது கதை முதலாவதைவிட உண்மைக்கு அருகில் இருக்கிறது. ஆயினும் அதுவும் சுற்றுலாத் துறையின் விளம்பர வாசகமாகிவிட்டது. காஞ்சர்ல கோபண்ணா என்னும் ராமதாசரின் வழக்கையே எடுத்துக்கொள்ளலாம். அவர் அரசின் வருவாய் அலுவலர். வசூலான வரிப்பணத்தைக் கொண்டு பத்ராசலத்தில் கோயில் கட்டினார் என்பதே அவர்மீது எழுந்த குற்றச்சாட்டு. அவரைச் சிறையிட்ட ஆட்சியின் உச்சியில் இருந்தவர்கள், மரபுக் கதைப்படி அவருடைய மாமன்மாரான அக்கண்ணாவும் மாதண்ணாவும். மதப் பகையாக இதை விளக்குபவருக்கு மாமன்மார் இடையூறு. நல்லிணக்கமாக விளக்குபவருக்குச் சிறை இடையூறு. வரி, குத்தகை, நிலுவை என்று பார்த்தால்தான் இரண்டும் ஒரே காட்சிக்குள் அடங்குகின்றன. வரி வசூலை ஏலம் எடுத்தவரிடம் விட்டுப் பணத்தை உறிஞ்சிய அரசு அது. அலுவலர் எம்மதத்தவராயினும் நிலுவை வைத்தால் விடாது. அந்த நிலுவைக்கு இறுதியில் பொறுப்பேற்ற உழவரும் நெசவாளரும் எந்தக் கதையிலும் வருவதில்லை. பாலா ஹிசாரில் அந்த அறையின் முன் பேராசிரியர் பத்து நிமிடம் நின்று இதைச் சொன்னால், இரு தரப்பின் வாட்ஸ்அப் வரலாறும் அங்கேயே சற்றுத் தடுமாறும். அந்தப் பத்து நிமிடம் திட்டத்தில் இல்லை.

இதற்கெல்லாம் ஆயத்தமான மறுமொழிகள் உண்டு. பணமில்லை என்பார்கள். திரைப்பட நகரத்தின் ஒரு நாள் செலவு, கோட்டையிலும் கல்லறைத் தோட்டத்திலும் இரண்டு நாள் கழிப்பதற்கான நுழைவுக் கட்டணங்களைப்போல் பல மடங்கு. மாணவர்கள் விரும்பமாட்டார்கள் என்பார்கள். இந்த ஒன்றில் உண்மை இருக்கிறது. திரைப்பட நகரம் இல்லையென்றால் பெயர் கொடுப்பவர் குறையத்தான் செய்வர். இருபது பேருடன் போகலாமே. நாற்பது பேர் சேர்ந்தால்தான் பேருந்து கட்டுப்படியாகும் என்பது போக்குவரத்து நிறுவனத்தின் கவலை; அது எப்போது துறையின் கல்விக் கொள்கை ஆனது? வெயில் தாங்காது என்பார்கள். மார்ச் மாதத்தில், கல்வியாண்டின் செலவுக் கணக்கை முடிக்கும் அவசரத்தில் கிளம்பினால் தாங்காதுதான். நவம்பரிலிருந்து பிப்ரவரி தொடக்கம் வரை தக்காணத்தில் நடப்பதற்கு இனிய காலம்.

மொழி தெரியாது என்னும் மறுமொழி ஒன்றுதான் கனமானது. கல்லறைகளின் கல்வெட்டுகள் அரபியிலும் பாரசீகத்திலும் உள்ளன. தமிழகத்து வரலாற்று மாணவருக்குத் தமிழ் பிராமியும் வட்டெழுத்தும் கிரந்தமும் சொல்லித் தருகிறார்கள்; தர வேண்டியதே. பாரசீகம் கற்பிக்கப்படுவது அரிது. ஆயினும் வாணியம்பாடியிலிருந்தும் ஆம்பூரிலிருந்தும் வரும் மாணவர்களில் உருது எழுத்தைச் சரளமாகப் படிப்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் இருக்கிறார்கள். சுல்தானின் பெயரையும் ஆண்டையும் கல்லில் விரல் வைத்து அவர்கள் படித்துக் காட்டட்டும். வகுப்பில் இதுவரை கடைசி இருக்கையில் இருந்தவர் அன்று ஆசிரியராவார். நெல்லூர், சித்தூர் பக்கத்து மாணவர் இருந்தால் தெலுங்கும் கிடைக்கும். நாற்பது பேரின் தலைகளை எண்ணத் தெரிந்த துறைக்கு அவர்களின் மொழிகளை எண்ணத் தெரியவில்லை.

அப்படியானால் எவ்வாறு திட்டமிடுவது? பயணம் ஐதராபாத்தில் அன்று, எழும்பூரில் தொடங்க வேண்டும். புனித ஜார்ஜ் கோட்டையின் நாட்குறிப்பு - ஆலோசனைப் பதிவுகள் அச்சுத் தொகுதிகளாகவே தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கிடைக்கின்றன. 1670களின் பக்கங்களில் கோல்கொண்டாவைப் பற்றிய அச்சமும் கெஞ்சலும் கையூட்டுக் கணக்கும் நிறைந்து கிடக்கின்றன. ஆளுக்குப் பத்துப் பக்கம் பிரித்துக் கொடுத்தால் போதும். அத்துடன் ஷெர்வானியின் குதுப் ஷாஹி வரலாற்றிலிருந்து ஓர் இயல், கோல்கொண்டாவில் முகலாய நிருவாகம் பற்றிய ஜான் ரிச்சர்ட்ஸின் நூலிலிருந்து ஓர் இயல். பாக்மதி என்ற பெண்ணின் பெயரால் நகரம் அமைந்ததா என்பது குறித்து ஷெர்வானி எழுப்பிய மறுப்பைப் படித்துவிட்டுப் போகும் மாணவர், வழிகாட்டியிடம் மரியாதையாக ஒரு கேள்வி கேட்பார். அவரும் மகிழ்வார், பல வழிகாட்டிகளுக்கு அந்த விவாதம் தெரியும், கேட்க ஆள் இல்லாததால் சொல்வதில்லை.

முதல் நாள் காலை துர்கம் செரு. அரை மணி நேரம் போதும். நீர் எங்கிருந்து புறப்பட்டது என்பதைக் கண்ணால் கண்டால் போதும். அங்கிருந்து கல்லறைத் தோட்டம், பிற்பகல் வரை. அரசரின் உடலை நீராட்டிய ஹம்மாம், படிக்கிணறுகள், ஹயாத் பக்ஷியின் கல்லறை, கட்டி முடிக்கப்படாமல் நிற்கும் ஒன்று. தானா ஷாவின் கல்லறையைத் தேடச் சொல்லலாம். அது அங்கே இல்லை. தௌலதாபாத்தில் சிறைவைக்கப்பட்ட கடைசி சுல்தான் தம் முன்னோரோடு அடக்கமாகவில்லை என்பதை மாணவர்கள் தேடிக் களைத்தபின் அறிவது நல்லது. மாலையில் பஞ்சாரா வாயில் வழியாகக் கால்நடையாக மதிலுக்குள் நுழைந்து கட்டோரா ஹவுஸ் வரை நடக்கலாம். நயா கிலாவுக்கு முன்கூட்டியே அனுமதி விசாரித்துக்கொள்வது நல்லது. 1656 முற்றுகை கற்பித்த பாடத்தால் மதிலுக்குள் சேர்க்கப்பட்ட அந்த நிலத்தில் இன்று கோல்ஃப் மைதானம் இருக்கிறது. ஒரு கோட்டையின் நெஞ்சில் புல்வெளி விளையாட்டுக்கு எப்படி இடம் கிடைத்தது என்பதைச் சுற்றிப் பார்த்தபடியே விவாதிக்கலாம். அங்கே ஒரு பழம்பெரும் பெருக்க மரமும் உண்டு. மன்னார்த் தீவில் நிற்பவற்றின் இனம். ஆப்பிரிக்க மரம் தக்காணத்துக்கு வந்த வழியை யோசிக்கும்போது கோல்கொண்டா ஒரு கடலோர அரசு என்பதும், மசூலிப்பட்டினம் அதன் வாசல் என்பதும் நினைவுக்கு வரும்.

இரண்டாம் நாள், வாயில் திறந்தவுடன் பாலா ஹிசார். நான்கு மணி நேரம் வேண்டும். ஏறும்போது ஒரு குழு குழாய்களையும் தொட்டிகளையும் குறிக்கட்டும், மற்றொரு குழு கட்டுமானத்தின் வேறுபாட்டை. பாலா ஹிசார் வாயிலில் யாளியும் மயிலும் இருப்பதைச் சுட்டிக்காட்டிவிட்டு, ஏன் என்று கேட்டுவிட்டு, விடை சொல்லாமல் விட வேண்டும். கைதட்டலையும் செய்து பார்க்கலாம். இரண்டு மாணவரை முன்கூட்டியே மேலே அனுப்பிவைத்து, எந்த இடத்தில் நின்று தட்டினால் கேட்கிறது, எந்த இடத்தில் கேட்கவில்லை என்று எழுதி வந்தால் அது ஆய்வு. உச்சியில் நின்று கிழக்கே பார்த்தால், 1591இல் முகமது குலி ஏன் இந்த நெரிசலான மலையடிவாரத்தை விட்டு மூசி ஆற்றுக்கு அப்பால் புதுநகரம் கண்டார் என்பது பாதி விளங்கும். மீதி, இறங்கி அந்தப் பழைய பாதையிலேயே சென்றால் விளங்கும். வைர வணிகரும் வண்டிகளும் நிறைந்திருந்த கார்வான். அங்கே 1671இல் எழுந்த தோலி மசூதி. பிறகு 1578இல் கட்டப்பட்ட புரானா புல். நகரம் வருவதற்கு 13 ஆண்டுகள் முன்பே பாலம் வந்துவிட்டது. அதைக் கடந்தபின் சார்மினார், வளையல், பிரியாணி. அவற்றை யாரும் மறுக்கவில்லை.

மூன்றாம் நாள் இருந்தால் தார்நாக்காவில் உள்ள மாநில ஆவணக் காப்பகம். ஷாஜஹான், ஔரங்கசீப் காலத்துத் தக்காண ஆவணங்கள் அங்கே உள்ளன. முன்னரே கடிதம் எழுதினால் ஓரிரண்டையாவது காட்ட முடியுமா என்று கேட்கலாம். சாலார் ஜங்குக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை மறக்காமல், முகத்திரையிட்ட ரெபேக்காவின் சிலைமுன் கூட்டம் கூடும் நேரத்தில் தக்காண ஓவியங்களின் அறைக்குப் போகலாம். அங்கே கூட்டம் இருக்காது.

பல துறைகளில் அடுத்த சுற்றுலாவுக்கான சுற்றறிக்கை சென்ற ஆண்டின் கோப்பைத் திறந்து தேதியை மட்டும் மாற்றி அச்சிடப்படும். அதற்கு முன், பத்து மணி, பன்னிரண்டு மணி என்று எழுதிய அந்த வரி ஒருமுறை மாணவர்களின் முன் வைக்கப்படட்டும். திரைப்பட நகரத்துக்கு முன்பணம் கட்டுவதை ஒரு வாரம் தள்ளிவைத்தால் போதும். எழும்பூருக்குப் போய்வர அது தாராளமான நேரம்.